மிச்சத் துணியில் அலங்காரப் பூக்கள்: இழை பிரிப்பதிலிருந்து பின்பக்கம் மூடுவது வரை

ரவிக்கை வெட்டியபின் கழுத்து வளைவிலும் கை வளைவிலும் மிஞ்சும் துண்டுகள், பாவாடையின் ஓரத்தில் கழிபடும் பட்டைகள், லைனிங் துணியின் மூலைகள் ஆகியவற்றைக் கொண்டு மூன்று வகைப் பூக்களைச் செய்யும் முறை இது. பருத்திக்கு ஐந்து இதழ்ச் சுருக்குப் பூ, பட்டுக்கும் வழுவழுப்பான மெல்லிய துணிகளுக்கும் கிராஸ் பட்டி (சாய்வாக வெட்டிய நீளத் துண்டு) ரோஜா, செயற்கை இழைத் துணிக்குத் தீயில் வாட்டிய பூ.

புதிதாகப் பழக வருபவர்கள் பெரும்பாலும் செய்ய வேண்டிய பூவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் துணி தேடுகிறார்கள். மிச்சத் துணியில் அந்த வரிசை செல்லாது. கையில் இருக்கும் துண்டு எந்த இழை, எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்த பிறகே பூவை முடிவு செய்ய முடியும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை. நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டால், அதன் கோளாறு இரண்டு மூன்று படிகள் கழித்துத்தான் கண்ணில் படும். அப்போது பிரிப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

1. துணியை இழை பார்த்துப் பிரித்தல்

துண்டுகளை நிறவாரியாக அடுக்கத்தான் எல்லோருக்கும் முதலில் கை போகும். அதைச் சற்று ஒத்திவைத்து, பருத்தி, பட்டு, செயற்கை இழை என்று மூன்று குவியல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘கலப்பு’ என்ற நான்காவது குவியல் தானாகவே சேரும்.

கண்ணால் பார்த்தே இழையைச் சொல்லிவிடலாம் என்று நம்பக் கூடாது. சாட்டின் என்பது ஒரு நெசவின் பெயர். பாலியஸ்டரிலும் சாட்டின் உண்டு, பருத்தியிலும் உண்டு, பட்டிலும் உண்டு. ‘ஆர்ட் சில்க்’ என்று விற்கப்படும் துணி பாலியஸ்டராகவும் இருக்கலாம், ரேயானாகவும் இருக்கலாம். ரேயான் மரக்கூழிலிருந்து செய்யப்படுவதால், எவ்வளவு மினுங்கினாலும் பருத்தியைப் போலவே தீப்பிடித்து எரியும்.

ஆகவே இழையை எரித்துப் பார்க்க வேண்டும். துண்டின் ஓரத்திலிருந்து பாவு இழைகள் (நீளவாக்கில் ஓடுபவை) நான்கைந்தையும் ஊடை இழைகள் (குறுக்கே ஓடுபவை) நான்கைந்தையும் தனித்தனியே உருவி, இரண்டு சிறு திரிகளாக முறுக்கிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் தட்டின் மேல், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீருடன், ஒவ்வொரு திரியையும் இடுக்கியால் பிடித்து மெழுகுவத்திச் சுடரில் காட்டுங்கள்.

பருத்தியும் ரேயானும் சட்டெனப் பற்றிக்கொள்ளும். காகிதம் எரிகிற வாடை வரும். சாம்பல் மென்மையாக உதிரும். பட்டு மெதுவாக எரியும். முடி கருகும் நாற்றம் வரும். சுடரை விட்டு விலக்கினால் பெரும்பாலும் தானே அணைந்துவிடும். நுனியில் தங்கும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டரும் நைலானும் சுடருக்கு அருகில் போகும்போதே சுருங்கி உருகும்; ஆறிய பின் நுனியில் கண்ணாடி மணிபோல ஒரு கெட்டி உருண்டை நிற்கும்; அது நசுங்காது. உருகிய சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும் என்பதால், முழுவதும் ஆறும் வரை அதைத் தொட வேண்டாம்.

பாவையும் ஊடையையும் தனித்தனியே சோதிக்கச் சொல்வதற்குக் காரணம், பல துணிகளில் இரண்டும் வேறு வேறாக இருக்கும் என்பதே. ஒருமுறை வகுப்பில் ஊதா நிறத் துண்டு ஒன்றை நீட்டி, “அக்கா, இது பட்டுதானே, எப்படி மினுங்குது பாருங்க” என்றார் ஒருவர். பாவு இழை முடி நாற்றம் அடித்தது. ஊடை இழை காகிதமாக எரிந்தது. பட்டும் பருத்தியும் கலந்த நெசவு அது. அவர் அதைத் தீயில் வாட்டும் பூவுக்கு எடுத்து வைத்திருந்தார்.

பாலியஸ்டரும் பருத்தியும் ஒரே நூலில் கலந்திருக்கும் துணி இன்னும் ஏமாற்றும். பருத்தி பற்றவைக்கும், பாலியஸ்டர் உருகி ஒட்டும். தீயும் இருக்கும், சொட்டும் இருக்கும். எரிந்து முடிந்த திரியில் சாம்பலும் கெட்டி மணியும் சேர்ந்தே தெரிந்தால், அந்தத் துண்டைச் சுருக்குப் பூவுக்கு மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

2. துவைத்து, விறைப்பேற்றி, தேய்த்தல்

புதுப் பருத்தித் துண்டுகளை முதலில் தண்ணீரில் நனைத்து உலர்த்த வேண்டும். நனைக்காமல் செய்த பூ, பின்னாளில் ஈரம் பட்டால் இதழுக்கு இதழ் வேறு அளவில் சுருங்கும். சிவப்பு, அரக்கு, கருநீலம் ஆகியவற்றை ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கும் துண்டை வெளிர் நிறத் துண்டுடன் ஒரே பூவில் சேர்க்கக் கூடாது.

விறைப்பு பருத்திக்குத் தேவை. ஒரு தேக்கரண்டி ஜவ்வரிசியை அரை லிட்டர் தண்ணீரில் கரையும் வரை காய்ச்சி, வடிகட்டி, ஆறிய பின் துண்டுகளை முக்கிப் பிழிந்து நிழலில் உலர்த்தினால் போதும். வடிகஞ்சியும் ஆகும், ஆனால் அன்று வடித்ததாக இருக்க வேண்டும். புளித்த கஞ்சியின் வாடை துணியை விட்டுப் போகாது. கெட்டிக் கஞ்சி போட்டால் பூ கம்பீரமாக நிற்கும் என்று நினைத்து அளவைக் கூட்டுபவர்கள் உண்டு. அந்தத் துணியில் ஊசி இறங்காது, சுருக்கும் படியாது.

பட்டுக்குக் கஞ்சி வேண்டாம். மிக மெல்லிய பட்டாக இருந்தால், உட்பக்கத்தில் மெல்லிய பேப்பர் கேன்வாஸை (சூட்டில் ஒட்டும் விறைப்புத் துணி) இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிக்கொள்ளலாம். செயற்கைத் துணிக்கு எந்த விறைப்பும் தேவையில்லை.

ஈரம் சற்று மிச்சமிருக்கும்போதே பருத்தியைத் தேய்த்துவிடுங்கள். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்பது சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு புள்ளி 150, மூன்று புள்ளி 200. செயற்கை இழைக்கு ஒரு புள்ளி, பட்டுக்கு இரண்டு, பருத்திக்கு மூன்று. ஜரிகை உள்ள துண்டை உட்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு பருத்தித் துணியை விரித்துத் தேய்க்க வேண்டும். இன்றைய ஜரிகையில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை இருப்பதால் நேர்ச் சூட்டில் அது சுருண்டுவிடும்.

தேய்க்காத துண்டில் வட்டம் வரைந்தால் அது வட்டமாக வராது. இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆனால் அவசரத்தில் முதலில் விடுபடும் படி இதுதான்.

3. கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டியவை

துணிக்கென்று மட்டும் ஒரு கத்தரி, காகிதத்துக்கு வேறு கத்தரி. 9 அல்லது 10 எண் கையூசி. எண் கூடக் கூட ஊசி மெலியும். பாலியஸ்டர் தையல் நூல், டெய்லர் சாக்பீஸ், குண்டூசி, இன்ச் டேப், மெழுகுவத்தி, இடுக்கி, ஃபெல்ட் துணி அல்லது கேன்வாஸ் துண்டு, மணிகள், பொத்தான்கள்.

இவற்றில் நூலைப் பற்றி மட்டும் ஒரு சொல். பருத்தி நூலில் சுருக்கு இழுத்தால், ஐந்தாம் இதழில் வந்து அறுந்துவிடும். பாலியஸ்டர் நூலையே இரட்டையாகக் கோத்து, ஒரு துண்டு மெழுகின் மேல் ஒருமுறை இழுத்துக்கொண்டால் முடிச்சு விழாமல் வழுக்கிக்கொண்டு வரும். நூலின் நீளம் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம்.

4. அளவு அட்டையும் இழைத் திசையும்

வட்டங்களைக் கண்மதிப்பில் வெட்டுவதைத் தவிர்க்க வேண்டும். ஓர் இதழுக்கும் அடுத்த இதழுக்கும் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தாலும் பூ ஒரு பக்கம் சாயும். பழைய கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டை அளவு அட்டைக்கு மிக நன்றாக உதவும். வட்டத்துக்கு வீட்டிலேயே கருவிகள் இருக்கின்றன: 2-8 அளவு வளையலின் உள்வட்டம் சுமார் 6.3 செ.மீ., 2-4 அளவு வளையலின் உள்வட்டம் 5.7 செ.மீ., பழைய சிடியின் குறுக்களவு சரியாக 12 செ.மீ. ஒரே வளையலின் உட்புறத்தில் சில வட்டங்களையும் வெளிப்புறத்தில் சில வட்டங்களையும் வரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணியின் உட்பக்கத்தில் சாக்பீஸால் வரையுங்கள். பேனா மை பின்னால் ஈரம் பட்டால் முன்பக்கம் ஊறி வந்துவிடும்.

அடுத்தது இழைத் திசை. பாவு நெடுகிலும் துணி நீளாது, ஊடை நெடுகிலும் சற்றே நீளும், இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் நன்றாக நீளும். தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்வது அந்த 45 டிகிரித் திசையையே. கிராஸாக வெட்டிய ஓரத்தில் நூல் எளிதில் பிரியாது, வளைத்தால் வளையும். சதுரத் துண்டின் ஒரு மூலையைப் பிடித்து, பாவு ஓரம் ஊடை ஓரத்தின் மேல் சரியாகப் படியுமாறு மடித்தால், மடிப்பு விழும் கோடே கிராஸ் கோடு.

பனியன் துணித் துண்டுகள் கிடைத்தால் இந்தக் கணக்கு அவற்றுக்குப் பொருந்தாது. அவை பின்னல் துணி என்பதால் ஓரம் பிரியாது, ஆனால் வெட்டியவுடன் சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளையே இதழின் விளிம்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதால், பட்டி ரோஜாவுக்கு அவை ஏற்றவை.

5. முதல் பூ: ஐந்து இதழ்ச் சுருக்குப் பூ

புதியவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. சுருக்கு இழுக்கும் கை பழகிவிட்டால் மற்ற இரண்டும் எளிதாகிவிடும்.

7 செ.மீ. குறுக்களவுள்ள வட்டங்கள் ஐந்தை மெல்லிய பருத்தியில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நல்ல பக்கம் வெளியே தெரியுமாறு பாதியாக மடித்து, ஒரு குண்டூசி குத்தி, வரிசையாக அடுக்கி வையுங்கள். மடிப்புக் கோட்டை விரலால் நீவினால் போதும். இஸ்திரி போட்டால் இதழின் விளிம்பு கத்திபோலத் தட்டையாகிவிடும்.

இரட்டை நூலின் முனையில் முடிச்சிட்டு, 10 செ.மீ. வாலை வெளியே விட்டு, முதல் இதழின் வளைந்த ஓரத்தில் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். முதலில் ஒரே இடத்தில் இரண்டு பின்தையல் (ஊசியைப் பின்னோக்கிக் குத்திப் போடும் தையல்) போட வேண்டும். முடிச்சை மட்டும் நம்பினால், சுருக்கு இழுக்கும்போது அது துணியின் இழைகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்துவிடும்.

ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே, இரண்டு மடிப்பையும் சேர்த்து, வளைவு நெடுக ஓட்டுத் தையல் (ஊசியை மேலும் கீழுமாக மாறி மாறி ஓட்டும் தையல்) போடுங்கள். ஒவ்வொரு தையலும் சுமார் 4 மி.மீ., நடுவில் இடைவெளியும் அவ்வளவே. இந்தக் கணக்கில் ஓர் இதழுக்குப் பன்னிரண்டு தையல்கள் வரும். எண்ணிக்கொண்டே தையுங்கள்: எல்லா இதழிலும் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சுருக்கமும் ஒன்றாக விழும். தையல் நீளமானால் சுருக்கம் மொத்தை மொத்தையாக நிற்கும். மிகச் சிறியதானால் நூல் நகராது.

முதல் இதழின் முடிவுக்கு வந்ததும் நூலை வெட்டாமல், இடைவெளியே விடாமல், அடுத்த இதழின் மூலைக்குள் ஊசியைச் செலுத்துங்கள். இங்கே நடக்கும் பெரிய தவறு திசை மாறுவது. இரண்டாம் இதழைத் தெரியாமல் புரட்டிப் பிடித்தால், இழுத்த பின் அந்த ஓர் இதழ் மட்டும் உள்பக்கம் திரும்பி நிற்கும். ஒவ்வோர் இதழின் மடிப்பும் மேலே, வளைவு கீழே என்பதைப் பார்த்துக்கொண்டே கோக்க வேண்டும்.

ஐந்தையும் கோத்து முடித்த பிறகு ஒரே இழுப்பில் சுருக்க முயல வேண்டாம். ஒவ்வோர் இதழும் தைத்து முடிந்தவுடன் அதைப் பாதி அளவுக்குச் சுருக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால், நூலின் மேல் சுமை பிரிந்துவிடும். கடைசியில் இரண்டு நூல்களையும் ஒன்றாகப் பிடித்து, மற்றக் கையின் கட்டைவிரலால் துணியை நகர்த்தி இறுக்குங்கள். நூலை இழுப்பதைவிடத் துணியைத் தள்ளுவதே பாதுகாப்பானது. வகுப்பில் நூல் அறுந்த ஒவ்வொரு முறையும் விரல் நூலில் இருந்தது, துணியில் இல்லை.

நடுவில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் துளை நிற்கும் அளவுக்கு இறுக்கிய பின், ஐந்தாம் இதழின் மூலையை முதல் இதழின் மூலையோடு சேர்த்து இரண்டு தையல் போட்டு, தொடக்கத்தில் விட்ட வாலோடு முடிச்சிடுங்கள். பூ சுமார் 6 செ.மீ. அகலத்துக்கு வரும். துளை பெரிதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நடுப்பகுதி அதை மூடும்.

6. இரண்டாம் பூ: கிராஸ் பட்டி ரோஜா

7.5 செ.மீ. அகலமும் 60 செ.மீ. நீளமும் கொண்ட கிராஸ் பட்டி வேண்டும். மிச்சத் துணியில் இவ்வளவு நீளம் ஒரே துண்டாகக் கிடைப்பது அரிது: 25 செ.மீ. சதுரத்தின் மூலைக்கு மூலை அளவே 35 செ.மீ.தான். எனவே இரண்டு பட்டிகளை இணைக்க வேண்டியிருக்கும். இணைக்கும் தையலையும் சாய்வாகவே போடுங்கள். நேராகப் போட்டால் தையலின் தடிப்பு முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்து, சுருட்டும்போது அங்கே ஒரு முடிச்சுபோலப் புடைக்கும்.

பட்டியை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிடித்து, இரண்டு முனைகளிலும் வெட்டிய ஓரத்தை நோக்கி வளைவாகச் சரித்து வெட்டிவிடுங்கள். தொடக்க முனை சதுரமாக நின்றால் மொட்டு நுழையாது. இறுதி முனை சதுரமாக நின்றால் கடைசி இதழ் பாதியில் வெட்டிவிட்டதுபோலத் தெரியும்.

முதல் 8 சென்டிமீட்டரைச் சுருக்காமல் விட்டு, மீதி நெடுக வெட்டிய ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே ஓட்டுத் தையல் போட்டு, மொத்த நீளம் பாதியாகும் வரை சுருக்குங்கள். சுருக்காமல் விட்ட பகுதியே மொட்டு. அதை இறுக்கமாக மூன்று சுற்றுச் சுருட்டி, அடியில் எல்லா மடிப்புகளையும் ஊடுருவிச் செல்லுமாறு குறுக்கும் நெடுக்குமாகத் தையுங்கள்.

அதன்பின் சுருக்கிய பகுதியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு சுற்று முடிந்தவுடன் அடியில் இரண்டு மூன்று தையல் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போங்கள். முழுவதையும் சுற்றிவிட்டுக் கடைசியில் தைக்கலாம் என்று விட்டால், நடுமொட்டு கீழே வழுகிவிடும். அடி ஓரங்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சுற்றிலும் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு நூல் அளவு கீழே இறங்கினாலும், முடிவில் ரோஜா கூம்புத் தொப்பியாக நிற்கும்.

கெட்டி ஜரிகைக் கரையை இதற்கு எடுக்காதீர்கள். பட்டுச் சேலைக் கரையில் ஜரிகை அடர்ந்திருப்பதால் அது சுருங்க மறுக்கும். ஜரிகை வேண்டும் என்று தோன்றினால், சேலையின் மெல்லிய உடல் பகுதியில் பூவைச் செய்து, கரையிலிருந்து ஒரு சிறு துண்டை நடுப் பொத்தானுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

7. மூன்றாம் பூ: தீயில் வாட்டிய இதழ்ப் பூ

முதல் படியில் கெட்டி மணியாக உருகிய துணிகள் மட்டுமே இங்கே வரலாம். பாலியஸ்டர் சாட்டின், ஆர்கன்சா, டாஃபெட்டா ஆகியவை நன்றாக வரும். நான் பழகத் தொடங்கிய காலத்தில், மினுங்கியதை மட்டும் பார்த்து ஒரு ரேயான் துண்டைச் சுடரருகே கொண்டுபோனேன். இமைப்பதற்குள் தீ விரல்வரை ஏறிவிட்டது. மேசையில் அந்தக் கருந்தழும்பு இன்னும் இருக்கிறது.

மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். உருகும் துணியின் புகையை மூச்சில் வாங்கக் கூடாது. முந்தானையைச் செருகி, துப்பட்டாவைக் கழற்றி, கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். மெழுகுவத்தி எவர்சில்வர் தட்டின் நடுவில், தண்ணீர்க் கிண்ணம் பக்கத்தில். பிள்ளைகள் அருகில் இருந்தால் இந்தப் பூவை அன்று செய்ய வேண்டாம்.

8, 7, 6, 5, 4 செ.மீ. குறுக்களவில் ஒவ்வோர் அளவிலும் இரண்டு வட்டங்கள் வெட்டுங்கள். வட்டம் சற்று ஒழுங்கற்று இருந்தாலும் பாதகமில்லை. தீ அதைச் சரிசெய்துவிடும். ஒவ்வொரு வட்டத்திலும் விளிம்பிலிருந்து மையத்தை நோக்கிப் பாதி தூரம் ஐந்து வெட்டுகள் போட்டால் ஐந்து இதழ்கள் பிரியும். வெட்டு பாதியைத் தாண்டினால் இதழ் தொங்கிவிடும்.

வாட்டும்போது துணியைச் சுடரின் உச்சிக்கு மேலே பிடிக்காமல், சுடரின் பக்கவாட்டில், அடிப்பகுதிக்கு அருகில் பிடிக்க வேண்டும். உச்சியில் கரி படியும். வெள்ளைத் துணியில் அது உடனே தெரியும். இரண்டு சென்டிமீட்டர் தொலைவில் தொடங்கி மெல்ல நெருங்குங்கள். விளிம்பு சுருங்கத் தொடங்கிய கணமே விலக்கி, அடுத்த இடத்தைக் காட்டுங்கள். விளிம்பு சுருங்கும்போது அதன் சுற்றளவு குறைகிறது, உள்ளே இருக்கும் துணி குறைவதில்லை. அதனால்தான் இதழ் கிண்ணம்போலக் குழிகிறது. விளிம்பை மட்டும் சூடாக்கினால் போதும் என்பதற்கும், நடுவைச் சூடாக்கினால் குழிவு போய்விடும் என்பதற்கும் இதுவே காரணம்.

எந்தப் பக்கம் குழியும் என்பது துணிக்குத் துணி மாறும். வெட்டியதில் மிஞ்சிய ஒரு கீற்றை முதலில் வாட்டிப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப நல்ல பக்கத்தைத் திருப்பிப் பிடியுங்கள்.

ஆறிய பின் பெரிய வட்டம் அடியில், சிறியது மேலே என்று அடுக்கி, மேல் வட்டத்தின் இதழ் கீழ் வட்டத்தின் இடைவெளிக்கு நேராக வருமாறு சற்றுத் திருப்பி, நடுவில் நான்கு தையல் போட்டுப் பிணையுங்கள்.

8. நடுப்பகுதி

சுருக்குப் பூவின் துளையை மூடுவதற்குத் துணி பொத்தான் மிகப் பொருத்தம். பொத்தானின் குறுக்களவைப் போல இரு மடங்கு வட்டம் வெட்டி, ஓரத்தில் ஓட்டுத் தையல் போட்டு, பொத்தானை உள்ளே வைத்துச் சுருக்கி முடிச்சிட்டால் ஆயிற்று. பொத்தானின் அகலம் துளையைவிட அரை சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்க வேண்டும்.

மகரந்தம் வேண்டுமானால், மஞ்சள் நூலை இரண்டு விரல்களைச் சேர்த்து இருபது முப்பது சுற்றுச் சுற்றி, நடுவில் இறுகக் கட்டி, இரண்டு பக்கமும் வெட்டி விரியுங்கள். மணிகளைத் தைக்கும்போது ஒவ்வொரு மணிக்கும் ஊசியை இருமுறை செலுத்த வேண்டும். குழந்தைகளின் கிளிப்புக்குச் செய்யும் பூவில் மணியே வேண்டாம். அவிழ்ந்தால் நேரே வாய்க்குத்தான் போகும்.

9. இலை

8 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, மடிப்பின் இரண்டு முனைகளையும் கீழ் மூலைக்குக் கொண்டுவாருங்கள். கிடைக்கும் சிறு சதுரத்தின் இடமூலையிலிருந்து வலமூலைவரை ஓட்டுத் தையல் போட்டு, கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுச் சுருக்கினால், நடு நரம்பு தெரியும் சுமார் 3 செ.மீ. நீள இலை கிடைக்கும். தையலுக்கு மிக அருகில் வெட்டாமல் 4 மி.மீ. விடுங்கள்.

10. பின்பக்கம் மூடுதலும் பொருத்துதலும்

பூவைப் புரட்டினால் முடிச்சுகளும் வெட்டு ஓரங்களும் தெரியும். 3 முதல் 4 செ.மீ. குறுக்களவில் ஃபெல்ட் வட்டம் வெட்டி, இலைகளை இடையில் வைத்து, வட்டத்தின் ஓரத்தைச் சுற்றி நெருக்கமாகத் தைத்து மூடுங்கள். கிளிப் மாட்டுவதாக இருந்தால், மூடுவதற்கு முன்பே ஃபெல்ட்டில் இரண்டு சிறு வெட்டுப் போட்டு, கிளிப்பின் மேல்தகட்டை அதில் நுழைத்துவிட வேண்டும். இதை மறந்து மூடிவிட்டுப் பிறகு கிளிப்பை மேலே ஒட்டுபவர்களின் பூ, பத்துநாளில் கிளிப்பைவிட்டுக் கழன்று வரும்.

பசையைக் கடைசித் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். க்ளூ கன்னில் வரும் பசை சூட்டில் இளகக்கூடியது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த பூக்கள் இதழிதழாகப் பிரிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை மெல்லிய பட்டில் ஊறி, முன்பக்கம் கறையாகத் தெரியும்.

11. பூ சரியாக வரவில்லையென்றால் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம்

சுருக்குப் பூ ஒரு பக்கம் சாய்ந்தால் தையல் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். அதுவும் சரியென்றால் வட்டங்களின் அளவு மாறியிருக்கும். இதழ்கள் துவண்டால் கஞ்சி போதவில்லை. துளை மூடவே மாட்டேன் என்றால் துணி தடிமன். வட்டத்தை 9 செ.மீ. ஆக்கி, இதழை நான்காகக் குறைத்துப் பாருங்கள். ரோஜாவின் இதழ்கள் ஒட்டிக்கொண்டு விரியாமல் நின்றால் பட்டி பெரும்பாலும் நேர் இழையில் வெட்டப்பட்டிருக்கும். அதைப் பிரித்துப் பயனில்லை, புதிதாகத்தான் வெட்ட வேண்டும். வாட்டிய பூவின் விளிம்பு முள்போலக் குத்தினால் துணி சுடருக்குள்ளேயே போய்வந்திருக்கிறது. அந்த இதழை மட்டும் நறுக்கிவிட்டு மீண்டும் தொலைவிலிருந்து வாட்டலாம்.

12. உடையில் வைப்பதும் எடுத்து வைப்பதும்

ரவிக்கையிலோ பாவாடையிலோ பூவை நிரந்தரமாகத் தைத்துவிட வேண்டாம். உடையைத் துவைக்கும்போது பூ நசுங்கும், கஞ்சி கரையும். ஃபெல்ட்டில் ஒரு பிரஸ் பட்டனின் ஒரு பாதியையும் உடையில் மறு பாதியையும் தைத்தால், வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றிக்கொள்ளலாம். மெல்லிய ரவிக்கைத் துணியில் பட்டன் தைக்கும் இடத்துக்கு உட்பக்கம் ஒரு சிறு லைனிங் துண்டை வைத்துக்கொண்டால், பூவின் கனத்தில் துணி இழுபடாது.

கஞ்சியிட்ட பூக்களை ராமபாணப் பூச்சி தேடி வரும். நன்றாக உலர்ந்த பிறகு மூடியுள்ள டப்பாவில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், இதழ்களுக்கு நடுவே கசக்கிய மெல்லிய காகிதம் செருகி வையுங்கள். தூசியை உலர்ந்த வண்ணத் தூரிகையால், இதழின் அடியிலிருந்து நுனியை நோக்கித் தட்டிவிடலாம்.